எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது

ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க அவர் முகத்தில் சிவப்பு கூடிக்கொண்டே போவது போலிருந்தது. பங்காரம்மாள் துணியைப் பிழிந்து, கன்னத்தோரம் ஒட்டியிருந்த கிரீஸ் தடத்தை இன்னொரு முறை தேய்த்தாள். கிரீஸ் போயிற்று. சிவப்பு போகவில்லை.

“போதும் பங்காரு, தோலு உரிஞ்சு போயிரும்” என்றாள் லட்சுமியம்மாள். செத்துக் கிடக்கும் சுந்தரராஜுலுவுக்கு அவள் அக்கா; பங்காரம்மாளுக்கு நாத்தனார், வதினா என்று கூப்பிடுவாள். செய்தி போனதும் கவுண்டம்பாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவள், வந்ததிலிருந்து தம்பியின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. “பாரு, மூஞ்சில என்ன களை. அசந்து தூங்கற மாதிரியே இருக்கறான் என்ற தம்பி.”

வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். உயிரோடு இருந்தபோது அவர் முகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு வெளிறிச் சுண்டிப்போயிருந்த மனிதர், துடைத்துக் கிடத்திய ஃப்ரீசர் பெட்டிக்குள் மாப்பிள்ளைக் களையோடு படுத்திருந்தார். கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்து, நல்ல சாவு என்று ஆளுக்கு ஆள் மெச்சினார்கள். ஒவ்வொரு முறையும் பங்காரம்மாள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுக்கும் அடுத்த வீதி டாக்டர் கேட்ட கேள்வியிலிருந்துதான் தெரிந்தது. டாக்டர் சுந்தரராஜுலுவோடு தினமும் நடைப்பயிற்சி போகிறவர். கூப்பிட்டதும் லுங்கியோடு ஓடி வந்தார். ஷெட்டுக்குள் முக்காலியில் உட்கார்ந்தபடியே காரின் மட்கார்டில் தலை சாய்த்துக் கிடந்த சிநேகிதரின் கையைப் பிடித்தார். கண் இமையை விலக்கினார். பிறகு முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வண்டி ஓடிட்டு இருந்துச்சுங்களா?”

“ஆமாங்க. நாந்தான் வந்து நிறுத்துனேன்.”

“ஷட்டரு?”

பங்காரம்மாள் யோசிக்கவில்லை. சூட்டில் பட்ட கை தானாக விலகுவது போல வாய் முந்திக்கொண்டது.

“தொறந்துதானுங்க இருந்துச்சு.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஷட்டர் உச்சிவரை தூக்கித்தான் இருந்தது. வெளியே வேப்பமரமும் மதில்சுவரும் நன்றாகத் தெரிந்தன. “அப்பச் சரிங்க. ஹார்ட்டுதான். ஏற்கெனவே அடிபட்ட ஹார்ட்டு” என்றார். சொல்லிவிட்டு அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். வேறு மாதிரி சொன்னால் போலீஸ் வரும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுப்பார்கள். அவருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

எல்லாம் அந்த வண்டியால் வந்தது.

வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய ஃபியட். கல்யாணத்தன்று மணப்பெண்ணாக அவளை ஏற்றிக்கொண்டு துடியலூருக்கு வந்தது அதில்தான். அதற்குப் பிறகு வீட்டுக்கு எத்தனையோ கார்கள் வந்தன, போயின. இது மட்டும் போகவில்லை. சக்களத்தி இல்லாத குறையை அந்த ஃபியட் தீர்த்து வைத்தது என்று பங்காரம்மாள் எல்லோரிடமும் சொல்வாள். பம்புசெட் கம்பெனியை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்த பிறகு, அவர் விழித்ததும் முதலில் பார்ப்பது வண்டியை, பிறகுதான் பெண்டாட்டியை.

சித்திரையில் வால்பாறையில் ஒரு சிநேகிதர் வீட்டு விசேஷம். பேருந்திலேயே போய்விடலாம் என்று அவள் சொன்னாள். அவர் கேட்டால்தானே? மலை ஏறும்போது பாதி வளைவுகளில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. “ஒண்ணுமில்ல அம்மணி, அதுக்குத் தாகம்” என்று தண்ணீரை ஊற்றிவிட்டு மேலே விரட்டினார். அடுத்த கொண்டை ஊசியில், சமையலறைப் பரணிலிருந்து பாத்திரங்கள் மொத்தமாக உருண்டு விழுந்தது போல ஒரு சத்தம். வண்டி நின்றது. எஞ்சின் இறுகிப் பூட்டிக்கொண்டு அசைய மறுத்தது. பின்னால் வந்த பேருந்து வளைய முடியாமல் ஹாரன் அடித்தது. அதிலிருந்த அத்தனை சனமும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. பட்டுப்புடவையோடு மதில்கல்லில் உட்கார்ந்திருந்த பங்காரம்மாளுக்கு மானம் போயிற்று.

“இதை இப்படியே பள்ளத்துல தள்ளி உட்டுப்போட்டு வாங்க” என்றாள்.

அவர் பானெட்டைக் கையால் தடவிக்கொடுத்தார். லாரியில் வண்டியை ஏற்றி வீடு கொண்டு வந்து சேர்க்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாளே மெக்கானிக் ஐயாசாமியை வரவழைத்து, சங்கிலியில் எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்துவிட்டார். சூட்டில் பிஸ்டன் சிலிண்டர் சுவரோடு கவ்விக்கொண்டிருந்தது. ஹெட் வளைந்திருந்தது. “அண்ணா, புது வண்டியே வாங்கிறலாமுங்க” என்று ஐயாசாமி சொல்லிப் பார்த்தான். அவர் அசையவில்லை. பிளாக்கைக் கணபதியில் ஒரு லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், சிலிண்டர் சுவரைக் கடைந்து போர் போட்டார். பிஸ்டன்களுக்காக உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் வெயிலில் அலைந்தார். பங்காரம்மாளின் அலுமினியக் குண்டாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், மண்ணெண்ணெயில் போல்ட்டுகள் ஊறும் நிலையில் ஷெட்டில் கிடைத்தன. வால்வுகளை அவரே உட்கார்ந்து தேய்த்தார். உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை வைத்து, மோர் கடைவது போல இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டே இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் “இதா வாரேன்” என்பார். சோறு ஆறி அவலாகும்.

ஆனால் ஒன்று. ஸ்டென்ட் வைத்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்த மனிதர், அந்த எஞ்சினைப் பிரித்த நாளிலிருந்து எழுந்து நடமாடினார். பாட்டுக்கூட முணுமுணுத்தார். அவளுக்கு உள்ளூர சந்தோஷம்தான். அதை ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை.

புரட்டாசி சனிக்கிழமை பார்த்து வண்டியைக் கிளப்புவது என்று அவர்தான் நாள் குறித்தார். பெருமாள் நாளில் உயிர் வரட்டும் என்றார். காலையில் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவர் கைதட்டிய சத்தம் சமையலறைக்குக் கேட்டது. உடனே மகன் கிஷனுக்குப் போன் போட்டார்.

இனி அதை நகர்த்தாமல், நின்ற இடத்திலேயே மெதுவாக ஓட விட வேண்டும். புது பிஸ்டன் ரிங்கும் புதிதாகக் கடைந்த சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று பழகுவதற்கு மணிக்கணக்காகும். பக்கத்திலேயே ஆள் இருந்து, சூடு ஏறுகிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய வண்டிக்காரர்களின் முறை அது. ஐயாசாமி ஷட்டரை உச்சிவரை தூக்கிவிட்டு, “தொறந்தே கெடக்கட்டுங்கண்ணா, மத்தியானம் வந்து பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு, பெரியநாயக்கன்பாளையத்தில் நடுரோட்டில் நின்றுபோன ஒரு வேனைப் பார்க்கக் கிளம்பிப் போனான்.

பங்காரம்மாளுக்கு அன்று தளிகை. பல் துலக்கியதிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல், குளித்த ஈரத்தலையோடு சர்க்கரைப் பொங்கல், புளிசாதம், தயிர்சாதம், வடை, சுண்டல் என்று செய்துகொண்டிருந்தாள். பூஜை அறையின் ஜன்னல் ஷெட் இருக்கும் சந்துப் பக்கம் பார்த்தது. துளசியும் நெய்யும் மணக்க வேண்டிய இடத்தில் நீலப்புகை வந்து நின்றது. கரண்டியோடு வெளியே போனாள்.

“ஏனுங்க, சாமி ரூம்பு பூராப் பொகை. பெருமாளுக்குப் பெட்ரோலையா படைக்கறது?”

“புது எஞ்சின் அம்மணி. மொதல்ல கொஞ்சம் கக்கத்தான் செய்யும். சித்த பொறுத்துக்கோ.”

“வருசத்துக்கு நாலு சனிக்கெழமை. அதுலயும் உங்க வண்டிக்கு நான் பொறுக்கோணுமா? அந்த ஷட்டரச் சாத்திப்போட்டு என்னமோ பண்ணுங்க.”

“உள்ள வேகுமே.”

“ஃபேனப் போட்டுக்குங்க.”

அவர் சிரித்தார். “சரிங்க மகாராணி” என்றார். ஷட்டர் கடகடவென்று இறங்கியது. கடைசியாக அவள் பார்த்தது அவருடைய பாதங்களை. ரப்பர் செருப்பு, எண்ணெய் படிந்து கறுத்த கட்டைவிரல். பிறகு தகரம் தரையைத் தொட்டது. எஞ்சின் சத்தம், பானையை மூடி வைத்தது போல அடங்கிக் கேட்டது.

அடைத்த இடத்தில் ஆளைத் தூங்க வைத்துக் கொன்று முகத்தைச் சிவக்க வைக்கும் அந்தப் புகையின் குணம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆயுசு முழுக்க எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவர். சித்த நேரத்தில் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அவள் சொன்னால் அந்த நிமிடமே செய்துவிட்டு, அப்புறம் அதை மறந்துபோவது அவர் வழக்கம். மேலே இருந்த சின்ன ஜன்னலில், எலி வருகிறது என்று போன வாரம் சாக்கை அடைக்கச் சொன்னதும் அவள்தான்.

இலை போட்டாள். பரிமாறினாள். மாவிளக்கு ஏற்றிவிட்டுக் கூப்பிட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழவில்லை போலும் என்று இன்னொரு முறை கூப்பிட்டாள். பெருமாளைவிட வண்டி பெரிதாகிவிட்டது என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு தானே சூடம் ஏற்றி, தானே கோவிந்தா சொன்னாள். அதற்கப்புறம்தான் போய் ஷட்டரைத் தூக்கினாள். புகை முகத்தில் அடித்தது. அவர் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போல மட்கார்டில் காது வைத்துக் கிடந்தார். எஞ்சின் மட்டும் ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சாவியைத் திருகி நிறுத்தினாள். அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ஆட்கள் ஓடி வருவதற்குள் காற்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

ஐயாசாமி மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தான். வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பெட்டிக்குள் பார்த்ததும் அவன் அழுகை நின்றது. ஷெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். பெண்கள் நடுவிலிருந்த பங்காரம்மாளின் அருகே குனிந்து கேட்டான்.

“ஏனுங்கக்கா, ஷட்டரு தொறந்துதானுங்களே இருந்துச்சு?”

“தொறந்துதான் இருந்துச்சு.”

“மேல சன்னல்ல சாக்கு அடைச்சிருக்குதுங்களே?”

“எலிக்கு.”

அவன் தலையாட்டினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். “நான் போயிருக்கக் கூடாதுங்க. எவனோ ஒருத்தன் கூப்பட்டான்னு போய்த் தொலைஞ்சேன். நான் இருந்திருந்தா அண்ணன் போயிருக்க மாட்டாருங்க” என்றான்.

இல்லை ஐயாசாமி, உன்மேல் ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தல் போடப் போனான். தன்னைவிடக் கேவலமான பிறவி இந்த ஊரில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

பூஜை அறையை யாரோ சாத்திவிட்டிருந்தார்கள். சாவு வீட்டில் சாமி அறையைத் திறந்து வைக்க மாட்டார்கள். உள்ளே இலையில் தளிகை அப்படியே கிடந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், கதவின் அடியில் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

கிஷன் சரவணம்பட்டியில் ஒரு மீட்டிங்கில் இருந்தவன், பாதியில் எழுந்து வந்திருந்தான். வந்ததிலிருந்து அழவில்லை. போனில் மின்மயானத்துக்கு நேரம் வாங்கினான். ஐயருக்குச் சொன்னான். தண்ணீர்க் கேன் போதுமா என்று விசாரித்தான். எல்லாம் முடிந்து ஓய்ந்த ஒரு நேரத்தில் அம்மாவிடம் வந்து குந்தினான். வீட்டில் அவன் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவான்.

“காலைல நைனா போன் பண்ணாரும்மா. ‘எஞ்சின் சத்தத்தக் கேளு’ன்னு போனை வண்டிகிட்ட வெச்சாரு. நான் மீட்டிங்ல இருக்கறேன், அப்பறம் கேக்கறேன்னு கட் பண்ணிட்டேன்.”

அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுக்கறதுக்கு முன்னால ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேம்மா. சாவி எங்க?”

“வேண்டாம் கண்ணு.”

“ஏம்மா?”

அவள் முந்தானையை இடுப்பின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். “சாவி எங்கன்னு தெரியல. இன்னைக்கி வேண்டாம். அதத் தொடாத, சாமி.”

அவன் அவளை வினோதமாகப் பார்த்துவிட்டு எழுந்து போனான். இடுப்பில் சாவி குத்திக்கொண்டிருந்தது. அது அங்கே இருக்கும்வரை பயமில்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அதற்குள் லட்சுமியம்மாள் வேறொரு பிரச்சினையைக் கிளப்பியிருந்தாள். “சனிக்கெழமை போன உசுரு. தொணைக்கு ஆள் தேடும். பாடையில ஒரு கோழிக்குஞ்சு கட்டோணும்.”

“அத்த, இந்தக் காலத்துல போயி...” என்றான் கிஷன்.

“எந்தக் காலமா இருந்தா என்ன? உனக்காகத்தான்டா சொல்றேன். மொத ரத்த சொந்தம் நீதான்.”

“தேங்காயக் கட்டறதுதானே?”

“தேங்காய்க்கு உசுரு இருக்குதா? போடா.”

ஐயாசாமிதான் எங்கோ போய் ஒரு குஞ்சைக் கொண்டு வந்தான். மஞ்சள் வெளுத்து, இறகு அப்போதுதான் முளைக்கத் தொடங்கிய குஞ்சு. பச்சை மூங்கில் பாடையின் கால்மாட்டில் அதன் ஒற்றைக் காலை நூலால் கட்டினார்கள். மழை தூற ஆரம்பித்தது. பந்தலுக்கு அடியில் அது கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது.

குளிப்பாட்டி, நெற்றியில் நாமம் இட்டு, உடலைப் பந்தலுக்குக் கொண்டு வந்து கிடத்தினார்கள். பங்காரம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்து, முகம் நிறைய மஞ்சள் பூசி, தலை கொள்ளாத பூ வைத்தார்கள். கை நிறையக் கண்ணாடி வளையல் ஏற்றினார்கள். இதெல்லாம் இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான். இனி எடுக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு எழக் கூடாது. பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் எஞ்சின் சத்தம் கேட்டது.

பந்தலில் பேச்சு நின்றது. “புள்ளை வண்டியக் கெளப்பறான்” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். “அவரு உசுரே அதுலதானுங்க. கேட்டுட்டே போகட்டும்” என்றார் இன்னொருவர். ஒரு பெண் வாய்விட்டு அழுதாள்.

பங்காரம்மாள் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது. பிறகுதான் நினைவு வந்தது. கல்லூரியில் படிக்கும்போது கிஷன் கார் ஓட்டப் பழகியது அந்த ஃபியட்டில்தான். அன்று அப்பா கொடுத்த இரண்டாவது சாவி, இத்தனை வருஷமாகியும் அவன் சாவிக்கொத்திலேயே கிடக்கிறது.

சரி, ஷட்டர் திறந்துதானே இருக்கிறது. கேட்கட்டும். கேட்டுவிட்டு வரட்டும்.

கடகடவென்று தகரம் உருளும் சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம் அடங்கியது, பானையை மூடி வைத்தது போல.

அந்தச் சத்தத்தை அவள் காலையில் கேட்டிருந்தாள். கிஷன் அழப் போகிறான். அத்தனை பேர் முன்னால் அழக் கூச்சப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் அவன். பாத்ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்டு அழுவான். சித்த நேரத்தில் திறந்துவிடுவான். திறந்துவிடுவான். அவரும் சித்த நேரத்தில் திறந்திருக்க வேண்டியவர்தான்.

வாய்க்கரிசி வரிசை நகர்ந்தது. ஒருத்தி வந்தாள், போட்டாள், போனாள். அடுத்தவள் வந்தாள். எழுந்து கத்தினால் எல்லாம் தெரிந்துவிடும். நாத்தனாருக்கு, சம்பந்தி வீட்டுக்கு, ஊருக்கு. அவள் வாயைத் திறக்காமல், தான் பெற்ற மகனையும் அந்த வெட்கத்தையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததற்காகப் பிறகு எந்தக் காலத்திலும் அவளால் தன்னையே மன்னிக்க முடியப் போவதில்லை.

குஞ்சு கத்தியது. பங்காரம்மாள் எழுந்தாள்.

“எந்திரிக்கக் கூடாது, பங்காரு” என்று லட்சுமியம்மாள் தோளை அழுத்தினாள். நாலைந்து கைகள் பிடித்தன.

“உடுங்க. ஷட்டரத் தொறக்கச் சொல்லுங்க!”

“என்னாச்சு இவளுக்கு? தண்ணி கொண்டாங்க.”

“பொகை கொன்னுபோடும். எம் பையனக் கொன்னுபோடும். அவரயும் அதுதான் கொன்னுச்சு. நாந்தான் சாத்தச் சொன்னேன், வதினா. தளிகையில பொகை படுதுன்னு நாந்தான் சாத்தச் சொன்னேன்!”

பிடித்திருந்த கைகள் அத்தனையும் விலகின. அவள் மஞ்சளும் பூவுமாக மழையில் ஓடினாள். ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். இடுப்பு உயரத்துக்கு வந்து சிக்கிக்கொண்டது. புது வளையல்கள் உடைந்து மணிக்கட்டில் கீறின. ஐயாசாமி பாய்ந்து வந்து தோள் கொடுத்து உந்தித் தள்ளினான். நீலப்புகை மொத்தமாக வெளியே வந்து, பந்தல் பக்கம் சாய்ந்தது.

கிஷன் ஓட்டுநர் இருக்கையில் ஸ்டியரிங்கின்மேல் தலை கவிழ்ந்து கிடந்தான்.

அவள் கதவைத் திறந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் தலை நிமிர்ந்தது. கண்ணீர் வழிந்த முகம். “என்னம்மா?” என்றான். எழ முயன்றவன் தடுமாறினான். இருவருமாக அவனை வெளியே கொண்டு வந்தார்கள். சந்தில் ஈரத்தரையில் உட்கார்ந்து இருமினான். “தல சுத்துது. அழுததுல போல” என்றான். ஐயாசாமி உள்ளே போய் எஞ்சினை நிறுத்தினான்.

பந்தலிலிருந்தவர்கள் துண்டாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. கிஷன் அவர்களைப் பார்த்தான். உடைந்த வளையலும் ரத்தமுமாக நிற்கும் அம்மாவைப் பார்த்தான். ஷட்டரைப் பார்த்தான். அவனாகவே ஒவ்வொன்றாகக் கோத்துக்கொள்வது அவளுக்குத் தெரிந்தது.

“நைனா உள்ள இருக்கறப்ப இது சாத்தியிருந்துச்சா?”

“ஆமா கண்ணு.”

“டாக்டர்கிட்டத் தொறந்திருந்துச்சுன்னு சொன்னீங்களாமே?”

“பொய் சொன்னேன்.”

அவன் கை நீட்டி அவள் மணிக்கட்டில் குத்தி நின்ற ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துக் கீழே போட்டான். பிறகு கையை விட்டுவிட்டான்.

கூட்டத்தின் ஓரத்தில் டாக்டர் நின்றிருந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்காமல், “அஞ்சு மணிக்கு நேரம் குடுத்திருக்கறாங்க. மழை வேற வலுக்குது. எடுங்க, எடுங்க” என்றார். அதற்காகவே காத்திருந்தது போல ஆட்கள் அசைந்தார்கள். அவள் கத்தியது காதில் விழாதவர்கள் போலப் பாடையைச் சுற்றி நின்றார்கள்.

லட்சுமியம்மாள் மட்டும் குனிந்தாள். பாடையின் கால்மாட்டில் நூலின் முடிச்சைத் தேடி, பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஏனுங்க, அவுத்துப்போட்டீங்க?” என்றான் ஐயாசாமி.

“போகட்டும். கொன்னது சனிக்கெழமையும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

சொல்லிவிட்டு அவள் பங்காரம்மாளைக் கடந்து வீட்டுக்குள் போனாள். பார்க்கவில்லை.

கிஷன் நெருப்புச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். கால் கொஞ்சம் தள்ளாடியது. ஐயாசாமி அவன் முழங்கையைத் தாங்கிக்கொண்டு போனான். கோவிந்தா கோவிந்தா என்ற குரல்கள் வீதி திரும்பி, மேட்டுப்பாளையம் ரோட்டு லாரிச் சத்தத்தில் கரைந்தன. வீட்டுக்குள் பெண்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார்கள். பங்காரம்மாளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவள் ஷெட்டுக்குள் போய் அவருடைய முக்காலியில் உட்கார்ந்தாள்.

மருமகள் பிந்து குடையோடு வந்து நின்றாள். “அத்தை, சாரல் உள்ள அடிக்குதுங்க. ஷட்டரச் சாத்தட்டுங்களா?”

“வேண்டாம்மா. தொறந்தே கெடக்கட்டும்.”

பிந்து திரும்பிப் போனாள். மழையில் நனைந்த குஞ்சு, காலில் அறுந்த நூலோடு, சந்தில் இங்கும் அங்கும் ஓடியது. பிறகு தயங்கித் தயங்கி ஷெட்டுக்குள் வந்தது. பங்காரம்மாளின் காலைச் சுற்றிக்கொண்டு போய், வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் நுழைந்தது. எஞ்சினில் இன்னும் சூடு இருந்தது போலும். அதன் நேர் கீழே, எண்ணெய் சொட்டிய தரையில், கத்துவதை நிறுத்திவிட்டு ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது.